கஞ்சமலை அடிவாரத்தில் எடுத்த கனமான கல்: இது இரும்புத் தாதுவா, வெறும் பாறையா?

நங்கநல்லூரான் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் ஒரு திருமணத்திற்காகச் சேலம் சென்றிருந்தபோது, கஞ்சமலை அடிவாரத்திலுள்ள சித்தர் கோயிலுக்குக் குடும்பத்துடன் போய்வந்தோம். திரும்பும் வழியில் இளநீர் குடிக்க வண்டியை நிறுத்திய இடத்தில், வரப்போரம் கிடந்த ஒரு கல்லை ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். இரண்டு கைக்குள் அடங்கும் அளவுதான் இருக்கும். ஆனால் அந்த அளவுக்குப் பொருந்தாத கனம். பக்கவாட்டில் பார்த்தால் வேட்டிக் கரை போலக் கருப்பும் சாம்பல் வெள்ளையுமாக மெல்லிய பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. வீட்டுக்கு வந்ததும் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தோம். கருப்புப் பட்டையில் இறுகப் பற்றிக்கொண்டது. மெருகேறாத ஓட்டின் பின்புறத்தில் கல்லைத் தேய்த்தபோது கரிக்கோடு போலக் கருங்கோடு விழுந்தது.

இப்போது மகன் தினமும் கேட்கும் கேள்விகளுக்கு என்னிடம் விடையில்லை. இதை உருக்கினால் இரும்பு வருமா? வருமென்றால் இந்த ஒரு கல்லில் எவ்வளவு இரும்பு இருக்கும்? எல்லாவற்றுக்கும் மேலாக, மலைக்குக் கீழேயே சேலம் உருக்காலை இருக்கும்போது மலை ஏன் அப்படியே நிற்கிறது? நான் வணிகவியல் படித்தவன். வேதியியல் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. விவரம் அறிந்தவர்கள் சற்று விரிவாகவே விளக்கினால் மகனுக்குப் படித்துக் காட்டுவேன்.

பரங்கிமலைவாசி:

நிலவியல் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், தங்கள் மகன் சரியான கல்லைத்தான் பொறுக்கியிருக்கிறான் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கருப்புப் பட்டை மாக்னடைட் என்னும் காந்த இரும்புக் கனிமம். வெளிர் பட்டை குவார்ட்ஸ், அதாவது மணலில் இருக்கும் அதே சிலிக்கா. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, இரும்பும் சிலிக்காவும் கடலடியில் மாறி மாறிப் படிந்து, பின்னர் பூமிக்குள் புதைந்து வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுகிய பாறை இது. தேய்த்தால் கருங்கோடு விழுவது மாக்னடைட்டின் அடையாளம். பெல்லாரிப் பக்கத்தில் கிடைக்கும் ஹேமடைட் என்னும் மற்றோர் இரும்புக் கனிமமாக இருந்திருந்தால், கல் வெளியே எவ்வளவு கருப்பாகத் தெரிந்தாலும் கோடு செங்காவி நிறத்தில்தான் விழும்.

தாது எது, பாறை எது என்ற கேள்விக்கு வருகிறேன். பலரும் இரும்பு இருந்தால் அது இரும்புத் தாது என்று நினைக்கிறார்கள். நீங்கள் நங்கநல்லூரில் இருப்பதால் அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. பரங்கிமலையும் திரிசூலமும் பல்லாவரமும் சார்னோகைட் என்னும் பாறையால் ஆனவை. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்திருந்த கல் நம் பல்லாவரப் பக்கத்துக் கல்லை ஒத்திருப்பதைக் கண்டு, தாமஸ் ஹாலண்ட் என்னும் நிலவியலாளர் 1893இல் அந்தப் பெயரைச் சூட்டினார். நம் ஊரில் வீடு கட்டக் கொட்டிய நீலக்கல் ஜல்லியில் பெரும்பகுதி இந்த இனம்தான். அதன் கரிய பளபளப்புக்குக் காரணமான ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமத்திலும் இரும்பு இருக்கிறது. ஆனால் அந்த இரும்பு சிலிக்காவோடு அணுவணுவாகப் பின்னிக் கிடக்கிறது. அதைப் பிரிக்கச் செலவாகும் எரிபொருளின் விலை, கிடைக்கும் இரும்பின் விலையைப்போல் பல மடங்காகிவிடும். ஆகவே பல்லாவரத்துக் கல்லை எவரும் இரும்புத் தாது என்று சொல்வதில்லை. பூமியின் மேலோட்டில் எடைக்கு எடை சுமார் 5 விழுக்காடு இரும்புதான்; எந்தக் கல்லை எடுத்தாலும் கொஞ்சம் இருக்கவே செய்யும். எடுக்கவும் பிரிக்கவும் கொண்டுசேர்க்கவும் ஆகும் செலவு போக ஏதேனும் மிஞ்சினால்தான் கல் தாதுவாகிறது. விலை ஏறினால் நேற்றைய பாறை இன்று தாது. விலை விழுந்தால் இன்றைய தாது நாளை மீண்டும் பாறை.

உங்கள் கல்லில் எவ்வளவு இரும்பு என்பதை ஆய்வகமின்றியே ஓரளவு கணிக்கலாம். சமையலறை எடைப்பொறி இருந்தால் முதலில் கல்லை உலர்ந்த நிலையில் நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பாத்திரத்தில் நீர் நிரப்பி எடைப்பொறியின் மேல் வைத்து, எண்ணைச் சுழியமாக்கிவிட்டு, கல்லை நூலில் கட்டி நீருக்குள் முழுவதும் மூழ்கும்படி, ஆனால் அடியையும் பக்கத்தையும் தொடாதபடி, கையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். அப்போது காட்டும் எடைதான் கல் விலக்கிய நீரின் எடை. இரண்டு எண்களையும் இங்கே எழுதுங்கள்.

நங்கநல்லூரான்:

மிக்க நன்றி ஐயா. மகன் இரண்டு முறை அளந்தான். உலர்ந்த எடை 830 கிராம். நீரில் தொங்கவிட்டபோது எடைப்பொறி 240 கிராம் காட்டியது. நூல் ஆடாமல் பிடிப்பதற்குள் எனக்குக் கை கடுத்துவிட்டது.

பரங்கிமலைவாசி:

நல்ல அளவீடு. 830ஐ 240ஆல் வகுத்தால் 3.46, அதாவது இந்தக் கல் தன் பருமனுக்குச் சமமான நீரைப்போல் மூன்றரை மடங்கு கனம். குவார்ட்ஸ் 2.65 மடங்கு, மாக்னடைட் 5.2 மடங்கு. இவை இரண்டும் மட்டுமே கலந்திருப்பதாகக் கொண்டால், 3.46 வருவதற்குப் பருமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும், எடையில் 48 விழுக்காடும் மாக்னடைட் இருக்க வேண்டும். தூய மாக்னடைட்டில் 72.4 விழுக்காடு இரும்பு. ஆகவே கல்லில் சுமார் 35 விழுக்காடு, அதாவது 830 கிராமில் ஏறத்தாழ 290 கிராம் இரும்பு. கஞ்சமலைத் தாதுவின் தரமாக அறிக்கைகளில் பொதுவாகக் காணப்படுவதும் இந்த 35தான் என்பதால், உங்கள் மகனின் அளவீட்டில் எனக்கு ஐயமில்லை.

மலைக்குக் கீழே ஆலை இருந்தும் ஏன் இதை எடுக்கவில்லை என்பதற்கு இந்த எண்ணிலேயே பாதி விடை இருக்கிறது. ஊதுலையில் மேலிருந்து தாது, கோக் என்னும் சுட்ட நிலக்கரி, சுண்ணாம்புக்கல் ஆகியவற்றை அடுக்கடுக்காகக் கொட்டி, கீழிருந்து சூடான காற்றைச் செலுத்துவார்கள். கோக் எரிந்து எழும் கார்பன் மோனாக்சைடு, தாதுவிலுள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு இரும்பை விடுவிக்கிறது. சுண்ணாம்பின் வேலை, உருகாமல் தொல்லை கொடுக்கும் சிலிக்காவைப் பிடித்துக் கசடாக உருக்கி வெளியே கொண்டுபோவது. 62 முதல் 65 விழுக்காடு இரும்புள்ள நல்ல தாதுவாக இருந்தால், ஒரு டன் இரும்புக்குச் சுமார் 1.6 டன் தாது போதும். கசடும் அரை டன்னுக்குள் அடங்கிவிடும். உங்கள் கல்லை அப்படியே கொட்டினால் ஒரு டன் இரும்புக்கு மூன்று டன் கல் வேண்டும். அதில் ஒன்றரை டன் வெறும் சிலிக்கா. அதைக் கசடாக்க ஏறத்தாழ மூன்று டன் சுண்ணாம்புக்கல். முடிவில் ஒரு டன் இரும்பும் மூன்று டன் கசடும் இறங்கும். இரும்பு ஆலையா, கசடு ஆலையா என்று கேட்க வேண்டியதாகிவிடும்.

சேலம் உருக்காலைக்கு 1970இல் அடிக்கல் நாட்டியபோது, கஞ்சமலைத் தாதுவையே பயன்படுத்துவது என்பதுதான் எண்ணம். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை எரிபொருளாக்கும் ஆய்வுகளும் அதற்காகவே நடந்தன. ஆனால் 1980களின் தொடக்கத்தில் ஆலை இயங்கத் தொடங்கியது, வெளியிலிருந்து வரும் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டுச் சுருள்களைக் குளிர்நிலையில் உருட்டி மெல்லிய தகடாக்கும் உருட்டாலையாகத்தான். உருக்கும் பிரிவே 2010 வாக்கில்தான் வந்தது. அதிலும் பழைய இரும்பும் உலோகக் கலவைகளுமே உலைக்குள் போகின்றன. மலைக்கும் ஆலைக்கும் இடையில் இருப்பது பார்வைத் தொடர்பு மட்டும்தான்.

சேலத்துத் தாதுவை நம்பி இறங்கியவர்கள் அதற்கு முன்பும் உண்டு. ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் உலைகள் கட்டினார். அவருக்குத் தாதுவால் வந்த சிக்கலைவிட மரக்கரியால் வந்த சிக்கல் பெரிது. உலைக்குத் தீனி போட்டுக் காடுகள் கரைந்தன, கரியைத் தேடிப் போகும் தூரம் ஆண்டுக்காண்டு நீண்டது, நிறுவனம் நொடித்தது. ஆனால் அவர் மாங்கனீசு சேர்த்து வார்ப்பு எஃகு செய்யும் முறைக்கு 1839இல் பெற்ற காப்புரிமை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து எஃகுத் தொழிலையே மாற்றியது. பணம் பார்த்தவர்கள் ஷெஃபீல்டு ஆலைக்காரர்கள். ஹீத்துக்கு மிஞ்சியது வழக்குச் செலவு.

இராயபுரம் ஓய்வூதியர்:

பரங்கிமலைவாசி ஐயாவின் விளக்கத்தோடு, தாது மலையை விட்டு இறங்கிய பிறகு நடப்பதையும் கொஞ்சம் சேர்க்கலாம் என்று எழுதுகிறேன். நான் பல ஆண்டுகள் சென்னைத் துறைமுகத்தோடு தொடர்புடைய சரக்கு ஆய்வு வேலையில் இருந்தவன். 1977இல் பாரதி கப்பல்துறையில் இயந்திரமயத் தாதுத் தளம் இயங்கத் தொடங்கியது. ஹொசபேட்டை, பெல்லாரிப் பகுதிகளில் படிப்படியாக வெட்டிய திறந்தவெளிச் சுரங்கங்களில், துளையிட்டு வெடி வைத்துப் பெயர்த்து, நொறுக்கிச் சலித்த தாது, குந்தக்கல் வழியாகச் சரக்கு வண்டிகளில் வந்து சேரும். வேகன் டிப்ளர் என்னும் இயந்திரம் ஒரு முழு வேகனை இரு பக்கமும் பிடித்துக்கொண்டு, குழந்தையைப் புரட்டிப் போடுவதுபோல அப்படியே தலைகீழாகத் திருப்பும். ஏறத்தாழ 60 டன் தாது ஒரே மூச்சில் கீழே விழும் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. அங்கிருந்து பட்டைக் கடத்திகளில் ஏறிக் குவியலுக்குப் போய், கப்பல் வந்ததும் வாளிச் சக்கரம் அள்ளிக் கொடுக்க, மீண்டும் பட்டையேறிக் கப்பலின் அறைக்குள் விழும். முதலில் ஜப்பானுக்கும் பிறகு பெருமளவில் சீனாவுக்கும் போனது.

தாதுவை விற்பவரும் வாங்குபவரும் இரும்பின் அளவைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொள்வார்கள் என்று நினைக்க வேண்டாம். ஈரம் அதே அளவுக்கு முக்கியம். ஈரத்துக்கும் கப்பல் கட்டணம் உண்டு என்பது ஒருபுறம். அதைவிடப் பெரிய காரணம் பாதுகாப்பு. பொடித் தாதுவில் ஈரம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், பார்ப்பதற்கு உலர்ந்த மண்போலவே இருக்கும் குவியல், கடலில் கப்பல் அதிர அதிரச் சேறாக இளகிவிடும். இளகிய சரக்கு அலையோடு ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கும். மறுபக்கம் திரும்பி வராது. 2009இல் மழைக்காலத்தில் ஏற்றிய தாதுவோடு மங்களூருக்கு அருகே ஏசியன் ஃபாரஸ்ட் என்ற கப்பலும், பாரதீப்புக்கு அருகே பிளாக் ரோஸ் என்ற கப்பலும் இரண்டே மாத இடைவெளியில் மூழ்கின. அதன்பிறகு எங்கள் வேலையில் மாதிரி எடுக்கும் முறையே இறுகியது. ஒரு குவளைத் தாதுவை மேசைமேல் ஓங்கி ஓங்கித் தட்டி, மேற்பரப்பில் நீர் பளபளக்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனை ஒன்று உண்டு; மாலுமிகளே செய்து பார்ப்பார்கள். பளபளத்தால் அந்தச் சரக்கை ஏற்ற விடமாட்டார்கள்.

தாதுவின் பொருளாதாரம் ஒரே நாளில் புரண்டுவிடும் என்பதற்கும் நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 2010 ஜூலையில் கர்நாடக அரசு தாது ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு பெல்லாரிச் சுரங்கப் பணிகளையே உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. தூசு எழுப்பும் நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் சென்னைத் துறைமுகத்தில் கையாளக் கூடாது என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணை 2011 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. எண்ணூரில் தாதுவுக்கென்றே பெருஞ்செலவில் ஒரு முனையம் கட்டி முடித்திருந்தார்கள். வருவதற்குத் தாது இல்லாமல் அது சும்மா கிடந்து, பின்னர் நிலக்கரிக்கு மாற்றப்பட்டது. தாதுவின் தரம் மாறவில்லை, மலையும் நகரவில்லை.

மாரிகுப்பத்துப் பேரன்:

இரும்பைப் பற்றிய பேச்சில் தங்கத்தைக் கொண்டுவருவதற்குப் பொறுத்தருள்க. என் தாத்தா வட ஆர்க்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போய், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நாங்கள் இப்போது பெரம்பூரில் இருக்கிறோம். 35 விழுக்காட்டு இரும்புக் கல்லைத் தாதுவா என்று கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. தங்கவயல் செழித்த தொடக்கக் காலத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கும் மேல் தங்கம் கிடைத்ததுண்டு. 2001 பிப்ரவரி 28 அன்று மூடியபோது அது மூன்று நான்கு கிராமாக இறங்கியிருந்தது. நான்கு கிராம் என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு சவரனுக்கு இரண்டு டன் பாறையை மூன்று கிலோமீட்டர் ஆழத்திலிருந்து மேலே கொண்டுவந்து, மாவாக அரைத்துச் சயனைடு நீரில் ஊறவைக்க வேண்டும். அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். குளிர்ந்த காற்றை மேலிருந்து இறக்கினால்தான் ஆள் நிற்க முடியும்.

தாத்தா அடிக்கடி சொன்னது 'ஏர் பிளாஸ்ட்' பற்றித்தான். அவ்வளவு ஆழத்தில் மேலிருக்கும் பாறையின் எடை சுரங்கச் சுவரை நெருக்கிக்கொண்டே இருக்கும். ஒரு நேரத்தில் சுவர் வெடித்துக் கற்கள் குண்டுபோலப் பறக்கும். மேலே வீட்டில் அலமாரிப் பாத்திரங்கள் கடகடவென்று ஆடும். பாட்டி கைவேலையை அப்படியே போட்டுவிட்டு, அந்த நேரம் யார் 'ஷிப்டு' என்று கணக்குப் பார்ப்பாராம். தங்கவயலுக்கு 1902லேயே சிவசமுத்திரம் நீர்மின்சாரம் வந்ததைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த மின்சாரம் முதலில் போனது எந்திரங்களுக்குத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரைத்துத் தங்கம் எடுத்தபின் மிஞ்சிய கழிவு, சயனைடு மேடுகளாக ஊர் நடுவே இன்றும் குன்றுபோல நிற்கிறது. காற்றடித்தால் வெள்ளைப் பொடி பறக்கும். அந்த மேடுகளில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத் தங்கம் மிஞ்சியிருப்பதால், மறுபடி எடுக்கலாமா என்ற பேச்சு தங்கம் விலையேறும்போதெல்லாம் எழுகிறது. ஐயா சொன்ன 'நேற்றைய பாறை இன்று தாது' என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அம்பத்தூர் வார்ப்பகத்தாள்:

நான் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வார்ப்பிரும்புப் பட்டறை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். தாதுவில் என்ன இருந்தது என்பது எங்கள் கையில் வந்து வெடிக்கும் ஒரு சங்கதியைச் சொல்கிறேன். இரும்பு எவ்வளவு என்று மட்டும் பார்த்துத் தாதுவை மதிப்பிட்டால் ஏமாந்துபோவோம். பாஸ்பரஸ் எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். ஊதுலையில் சிலிக்காவைச் சுண்ணாம்பால் விரட்டலாம், கந்தகத்தையும் ஓரளவு விரட்டலாம். தாதுவிலும் கோக்கிலும் உள்ள பாஸ்பரஸ் மட்டும் ஏறத்தாழ முழுவதும் இரும்போடு இறங்கிவிடும். எஃகு ஆலையில் அடுத்த கட்டத்தில் அதை நீக்க வழியுண்டு. எங்களைப்போல் பன்றி இரும்பை, அதாவது ஊதுலையிலிருந்து இறங்கும் இரும்பின் கட்டிகளை, வாங்கி மின்தூண்டல் உலையில் உருக்கி அச்சில் ஊற்றுபவர்களுக்கு அந்த வழி இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் விலை சற்றுக் குறைவாக இருக்கிறதென்று புதிய வியாபாரி ஒருவரிடம் ஒரு லாரி பன்றி இரும்பு வாங்கினோம். சான்றிதழில் எல்லாம் சரியாக இருந்தது. நீரேற்றுப் பம்பின் உறைகள் வார்த்தோம். பார்வைக்கும் குறையில்லை, கடைசலிலும் நன்றாகவே வந்தன. நீரழுத்தச் சோதனையில்தான், தடித்த பகுதியும் மெல்லிய பகுதியும் சேரும் மூலையில் வியர்வை துளிர்ப்பதுபோல நீர் கசிந்தது. ஒன்றை உடைத்துப் பார்த்தேன். வழக்கமான சாம்பல் நிற முறிவுக்கு நடுவே கண்ணுக்கு அரிதாகவே தெரியும் சன்னமான துளைகள் வலைபோல ஓடின. பாஸ்பரஸ் மிகுந்தால், கடைசியாக உறையும் திரவம் இரும்புப் படிகங்களின் இடுக்குகளில் தேங்கி நின்று, உறையும்போது சுருங்கி ஓட்டை விட்டுவிடும். வெளியில் கொடுத்துச் சோதித்ததில் சான்றிதழில் இருந்ததைப்போல் மூன்று மடங்கு பாஸ்பரஸ் இருந்தது. 140 உறைகளையும் திரும்ப உருக்கவும் வழியில்லை. உருக்கினாலும் அதே பாஸ்பரஸ்தான். பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டோம். அன்றிலிருந்து எந்தச் சுமை வந்தாலும் நானே ஒரு கட்டியை உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் இறக்கச் சொல்கிறேன்.

வேளச்சேரி வாசகன்:

பரங்கிமலைவாசி ஐயா மேல் மதிப்பு உண்டு. ஆயினும் அவர் வாதம் பாதியில் நிற்பதாக எனக்குப் படுகிறது. 35 விழுக்காட்டுக் கல்லை அப்படியே உலையில் கொட்டுவோர் யார்? கர்நாடகத்தின் குதிரேமுக் மலையில் 38 விழுக்காடு அளவிலான மாக்னடைட் தாதுவைத்தான் 1980 முதல் வெட்டினார்கள். அதை அரைத்துக் காந்தத்தால் பிரித்து, 67 விழுக்காடு வரை தரம் உயர்த்தி, குழம்பாக்கி, 67 கிலோமீட்டர் குழாய் வழியே மங்களூருக்கே அனுப்பினார்கள். அங்கு முடிந்தது இங்கு ஏன் முடியாது? ஒரு வளத்தை மண்ணுக்குள் வைத்துப் பூட்டுவதும் இழப்புதானே?

பரங்கிமலைவாசி:

கேள்வி நியாயமானது. பாதியில் நிறுத்திவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அரைத்துப் பிரித்தால் கஞ்சமலைக் கல்லும் உயர்தரப் பொடியாகும். அதை உருண்டை பிடித்துச் சுட்டால் உலைக்குத் தங்கம்போன்ற தீனி. ஆனால் குதிரேமுக்கின் மேற்பகுதித் தாது காலப்போக்கில் மழையால் உளுத்து மென்மையானது. அரைக்கும் செலவு குறைவு. மழை ஆண்டு முழுவதுக்குமான நீரைக் கொடுத்தது. கடல் கீழே இருந்ததால் குழம்பு பெரும்பாலும் தன் எடையிலேயே இறங்கிப்போனது. அப்படியிருந்தும் முதலில் வாங்குவதாக ஒப்பந்தம் போட்டிருந்த ஈரான், 1979 புரட்சிக்குப்பின் விலகிக்கொள்ள, கட்டி முடித்த சுரங்கம் வாங்க ஆளின்றித் தவித்தது. கடைசியில் பத்ரா ஆற்றின் தலைப்பகுதியில், காட்டுக்குள் இருந்த காரணத்தால் உச்ச நீதிமன்ற ஆணைப்படி 2005 இறுதியில் மூடப்பட்டது. லக்யா அணைக்குப் பின்னால் தேங்கிய அரைத்த கழிவு இன்றும் அங்கேதான் இருக்கிறது.

கஞ்சமலையில் கல் கெட்டி. அரைக்க மின்சாரம் கூடுதல். கடல் பக்கத்தில் இல்லை. பிரித்தபின் எடையில் பாதிக்குமேல் மிஞ்சும் மாவு மணலை எங்கே கொட்டுவது என்ற கேள்விக்கு, சுற்றிலும் ஊர்களும் கிணற்றுப் பாசன நிலங்களும் உள்ள அந்த இடத்தில், நான் படித்த எந்தத் திட்டத்திலும் மனநிறைவான விடையைக் கண்டதில்லை. திருவண்ணாமலைக்கு அருகே கவுத்திமலையிலும் வேடியப்பன்மலையிலும் இதே வகைத் தாதுவுக்காகத் திட்டமிட்டபோது ஊரார் எதிர்த்தது வெறும் உணர்ச்சியால் அல்ல. என்னைக் கேட்டால், பெல்லாரியிலும் சத்தீஸ்கரின் பைலாடிலாவிலும் 60 விழுக்காட்டுத் தாது இருக்கும் வரையில் இந்த மலையைத் தொட வேண்டிய தேவை இல்லை. அவை தீர்ந்தபின் வருபவர்கள் வேறு கணக்குப் போடக்கூடும், போடட்டும்.

நங்கநல்லூர் நண்பருக்கு ஒரு சொல்: அரைத்துப் பிரிப்பது என்ன என்பதை வீட்டிலேயே காட்டலாம். கல்லில் ஓரத்தைச் சிறிது உடைத்து, 100 கிராம் அளவுக்குப் பொடித்து, காந்தத்தை நெகிழிப்பையில் சுற்றிப் பொடியின் மேல் மெதுவாக நகர்த்தி, ஒட்டியதைத் தனியே நிறுங்கள். இரும்பு உரலில் இடிக்க வேண்டாம். உரலின் துகளும் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுத்துவிடும். உடைக்கும்போது கண்ணாடி அணியாமல் இருக்க வேண்டாம்.

நங்கநல்லூரான்:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்துவிட்டோம். இரும்பு உரல் வேண்டாமென்றதால் அம்மியில்தான் அரைத்தோம். (அம்மி என் மாமியார் வீட்டுச் சீதனம்; பல்லாவரத்துக் கல் என்று சொல்வார்கள். இனி அதில் சட்னி அரைப்பதில்லை என்று மனைவி முடிவெடுத்திருக்கிறார்.) முதலில் ரவை பதத்துக்கு அரைத்த 100 கிராமில் 71 கிராம் காந்தத்தோடு வந்தது. ஐயாவின் கணக்குப்படி 48 கிராம்தானே வர வேண்டும் என்று மகன் குழம்பிப்போய், லென்சை வைத்துப் பார்த்தான். ஒட்டிய குருணைகளில் பல, ஒரு பக்கம் கருப்பும் மறுபக்கம் வெள்ளையுமாக இருந்தன. அந்த 71 கிராமை மட்டும் மறுபடி மைதா போல அரைத்துக் காந்தம் காட்டியபோது 58 கிராம் ஆனது. கழிந்த பொடி கோலமாவு நிறத்தில் இருக்கிறது.

பரங்கிமலைவாசி:

மகன் லென்சில் பார்த்ததுதான் குதிரேமுக்கில் அத்தனை அரவை இயந்திரங்கள் ஓடியதற்குக் காரணம். மாக்னடைட் எதுவும் சிந்திப்போகவில்லை என்று கொண்டால், முதல் அரவையில் உங்கள் பொடி 35லிருந்து 49 விழுக்காட்டுக்கும், இரண்டாவதில் 60 விழுக்காட்டுக்கும் ஏறியிருக்கிறது. அறுபது என்றால் கப்பலேற்றலாம். இன்னொரு முறை அரைத்தால் இன்னும் ஏறும். ஆனால் அம்மியும் தேயும், அதில் சார்னோகைட் பொடியும் கலந்துவிடும்.

இராயபுரம் ஓய்வூதியர்:

கப்பலேற்றுவதற்கு முன் ஈரம் பார்த்துவிடுங்கள்.